பக்கம் மாறினால் பெயரும் மாறலாமா?

அந்தமானில் குடியேறிய நமக்குச் சென்னைக் கப்பல் வெறும் வாகனமன்று. தாய்வீட்டுக்குச் செல்லும் வழி. அதற்கு இடம் பதியும் செயலி ஒன்றைப் பயிற்சிக்காக ஜாவாவில் எழுதினேன். முதற் பக்கத்தில் பெயர். இரண்டாம் பக்கத்தில் படுக்கை. நானும் தோழனும் ஒரே வேளையில் சோதித்தோம். என் சீட்டில் அவன் பெயர்! உண்மைச் சீட்டாயின், துறைமுகத்தில் ஏறவிடுவார்களா?

காரணம் யாது? எச்.டி.டி.பி. முறைக்கு நினைவில்லை, ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதியதே. ஆதலால் பெயரைச் சர்வ்லெட்டின் மாறியில் வைத்தேன். ஆனால் ஒரே சர்வ்லெட்தான் எல்லோருக்கும் பணி செய்கிறது. பின்வந்த பெயர் முன்னதை அழித்தது.

பரிகாரம் ‘செஷன்’. சர்வர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி அமைத்து, அதன் அடையாள எண்ணை ‘ஜேசெஷன்ஐடி’ என்னும் குக்கியாக உலாவிக்குத் தருகிறது. அடுத்த பக்கம் கேட்கும்போது உலாவி அவ்வெண்ணைக் காட்டுகிறது. அவரவர் பெட்டி திறக்கிறது.

எனினும் பெட்டி நிலையானதன்று. டாம்கேட் சர்வரில், நாம் மாற்றாதவரை, 30 நிமிடம் வேண்டுகோள் வராவிடில் அது கலைந்துவிடும். 2020 ஆகஸ்டு 10-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி இங்கு வந்தது உண்மையே. ஆயினும் இணைப்பு அறாதென்று யார் உறுதி கூறுவார்? ஆகவே, முடிந்த பதிவை உடனே தரவுத்தளத்தில் எழுதுங்கள். ஊர் செல்வோன் பெயர் நம் கையில் ஒப்படைத்த பொருளன்றோ!