உங்களுக்குத் தெரியுமா? கார் ஷெட் தரையும் எண்ணெய்க் கறையும்

கார் நிற்கும் இடத்தில் கறை விழுந்தால் நம் வீடுகளில் கை முதலில் போவது பாத்ரூம் ஆசிட் பாட்டிலுக்குத்தான். அந்தக் கையைத் தடுப்பதற்காகவே இந்த வாரப் பகுதி. சீலர் பூசிய கான்கிரீட் தரையில் எந்தத் திரவம் விழுந்தது, எந்த சீலர் பூசியிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

● ஆசிட் எண்ணெயைக் கரைக்காது. ஊற்றியதும் தரை நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் கறை கரைகிறது என்றே தோன்றும். கரைவது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு. கான்கிரீட் காரத்தன்மை உடையது. புதுத் தரையின் பி.எச். அளவு 12-க்கும் மேல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அது அரிபடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். எபாக்ஸி பூசுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூசுவதற்கு முன் தரையை ஆசிட்டால் கழுவும்போது எண்ணெய் ஊறிய இடம் மட்டும் நுரைக்காமல் அமைதியாகக் கிடக்கும். அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அதை வைத்தே கண்டுகொள்வார்கள். சீலர் பூசிய தரையில் ஆசிட் ஊற்றினால் சின்னச் சின்னக் கீறல்கள் வழியாக உள்ளே இறங்கி, பூச்சுக்கு அடியில் சிமெண்டை அரிக்கும். சில நாளில் ஓரம் உரியத் தொடங்கும். போதாததற்கு, அதன் ஆவி பட்டு ஷெட்டில் உள்ள ஸ்பேனரும் சைக்கிள் செயினும் துருப்பிடிக்கும். வினிகர், எலுமிச்சை, புளி, கோலா பானம் ஆகியவையும் அமிலங்கள்தான். அரிக்கும் வேகம் குறைவு, அவ்வளவே.

● ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச் எண்ணெய்க் கறையை எடுப்பதும் இல்லை.

● சீலரில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. சிலேன், சிலாக்ஸேன் போன்றவை கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கித் தங்கும். மேலே படலம் எதுவும் தெரியாது. இவை தண்ணீரை நன்றாக விரட்டும், எண்ணெயை அந்த அளவுக்கு விரட்டாது. "சீலர் பூசியும் கறை பிடிக்கிறதே" என்று வருந்துகிறவர்களின் தரை பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். அக்ரிலிக், எபாக்ஸி, பாலியூரித்தேன் மூன்றும் மேலே படலமாக நிற்பவை. இவற்றில் எண்ணெய் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நாம் சீலருக்குக் காசு கொடுக்கிறோம்.

● உங்கள் தரையில் என்ன இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் சீலர் உயிரோடு இருக்கிறது. தரை கறுத்துத் தண்ணீரைக் குடித்தால் அந்த இடத்தில் சீலர் போய்விட்டது. அடுத்து, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பெயிண்ட் தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அக்ரிலிக். அசையாமல் இருந்தால் எபாக்ஸி அல்லது பாலியூரித்தேன். அக்ரிலிக் தரையில் அதன் பிறகு தின்னர், பெட்ரோல் எதையும் கொண்டுபோகக் கூடாது. கறையோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

● கறையின் நிறமே வண்டியின் நோயைச் சொல்லும். தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை என்றால் என்ஜின் ஆயில். கறுப்பதற்குக் காரணம் எரிபொருள் எரிந்த கரி. சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஆயிலாகவோ இருக்கும். கசிவு எங்கே என்று எளிதில் தெரிவதற்காகவும் அதில் சாயம் சேர்க்கிறார்கள். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் கூலன்ட். வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் கவலை வேண்டாம், அது ஏசியில் திரண்ட ஈரம். ராத்திரி காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமும் தெரியும், எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்பதும் தெரியும். கசிவை அடைக்காமல் தரையை மட்டும் தேய்ப்பது வீண் உழைப்பு.

● தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். தேய்த்தால் உள்ளங்கை அளவுக் கறை முறம் அளவுக்குப் பரவும். நம்மூர் மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் இதற்கு அருமையான பொருள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் பருத்திப் பின்னல் துணி அது. நெய்த துணியைவிட எண்ணெயை நன்றாக இழுக்கும். துணியால் ஒற்றிய பிறகு மரத்தூளையோ உலர்ந்த களிமண் பொடியையோ கொட்டிச் செருப்புக் காலால் மெல்ல மிதித்து, சில மணி நேரம் விட்டுக் கூட்டுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் தண்ணீர்.

● பூனை வளர்ப்பவர்கள் வாங்கும் பூனை மணல் இந்த எண்ணெய் உறிஞ்சும் தொழிலிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காசோபொலிஸ் என்ற ஊரில் எட் லோவின் குடும்பம் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணை விற்றுவந்தது. 1947-இல், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் லோ அந்தக் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பெருந்தொழில் அங்கே தொடங்கியது. இன்று கார் ஷெட்டில் எண்ணெய் சிந்தினால் அமெரிக்கர்கள் எடுத்துக் கொட்டுவதும் அதே பூனை மணலைத்தான்.

● பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் சேர்மங்களால் ஆனவை. ஆகவே இந்தக் கறைக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஒற்றி எடுத்துவிட்டு உடனே நிறையத் தண்ணீர் விட வேண்டும். உடனே என்பதை அழுத்திச் சொல்கிறேன். கார் பெயிண்டையே உரிக்கும் திரவம் அது. அக்ரிலிக் சீலரை இளக்கிவிடும், எபாக்ஸியிலும் நீண்ட நேரம் கிடக்க விடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிரேக் ஆயில் சிந்திய இடத்தில் பிளீச்சிங் பவுடரையோ நீச்சல் குளத்துக் குளோரின் பொடியையோ தூவவே கூடாது. அவற்றில் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் கிளைக்காலோடு வினைபுரிந்து சூடேறும். செறிவு அதிகமான பொடி என்றால் சிறிது நேரம் சும்மா இருப்பதுபோல் இருந்து திடீரென்று தீப்பிடிக்கும். தீப்பெட்டியோ பொறியோ தேவையில்லை. ஷெட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைப்பதுகூடத் தவறு.

● கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய்களும் பூனைகளும் வெயிலுக்கு ஒதுங்குவது காருக்கு அடியில்தான். தேங்கிய கூலன்டை அவை நக்கினால் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்து செத்துப்போகும். சிறிய அளவே போதும். தண்ணீரில் எளிதாகக் கரையும் கறை என்பதால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிறோம். தரைக்காக இல்லாவிட்டாலும் அந்த வாயில்லா ஜீவன்களுக்காக உடனே துடைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரையும் குட்டையாகத் தேங்க விடாதீர்கள். நக்கியதைப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

● பேட்டரித் தண்ணீர் சிந்தினால் ஆப்ப சோடா. முழுதாகச் சார்ஜ் ஏறிய கார் பேட்டரியிலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலும் உள்ள திரவத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். நுரை அடங்கும்வரை சோடாவைத் தூவி, பிறகு கழுவ வேண்டும். கவனிக்காமல் விட்ட இடத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது ஜிப்சம். அது தரையின் சிமெண்டே மாறிப்போன வடிவம், ஆகவே தேய்த்து எடுத்தாலும் பள்ளம்தான் மிஞ்சும்.

● சமையல் எண்ணெயைக் காரம் சோப்பாக மாற்றும். என்ஜின் ஆயிலை மாற்றாது. நிலத்தடிப் பெட்ரோலிய எண்ணெயில் சோப்பாவதற்கான கொழுப்பு அமிலம் இல்லை. அதனால் காரத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயன் கிடையாது, அக்ரிலிக் பூச்சு மங்குவதுதான் மிச்சம். பாத்திரம் துலக்கும் லிக்விடும் சுடுதண்ணீரும் போதும். அவை எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் மிதக்க வைக்கும். பத்து நிமிடம் ஊற விட்டு நைலான் பிரஷால் தேய்த்து, அந்த நுரையைத் துணியால் எடுத்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். பூச்சைக் கீறும், உடைந்த கம்பித் துணுக்குகள் தரையில் தங்கித் துருக்கறையையும் சேர்த்துத் தரும்.

● கழுவி முடித்த மறுநாள் அதே இடத்தில் கறை மறுபடி தெரிகிறதா? மேலே இருந்ததுதான் போயிருக்கிறது. நுண்துளைகளின் ஆழத்தில் இருந்த எண்ணெய், தரை காயக் காய, விளக்குத் திரியில் ஏறுவதுபோல மேலே ஏறி வருகிறது. இதற்கு எதிராக அதே விசையைப் பயன்படுத்தும் பழைய முறை ஒன்று உண்டு: பற்று. பெண்கள் முகத்துக்குப் போடும் முல்தானி மிட்டியையோ டால்கம் பவுடரையோ டீகிரீசர் கலந்து தோசை மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, விரல் கனத்துக்குக் கறையின் மேல் அப்பி, பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்து நன்றாகக் காய விடுங்கள். காயும்போது பற்று உள்ளிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சுரண்டி எடுத்துப் பாருங்கள், பற்றின் அடிப்பக்கம் பழுப்பேறியிருக்கும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று முறை போட வேண்டிவரும். பொறுமையுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சீலர் முழுதாக இருக்கும் இடத்தில் பற்று பயன்படாது. அது வேலை செய்வது சீலர் தேய்ந்து எண்ணெய் உள்ளே போன இடத்திலும், உள்ளே இறங்கும் வகை சீலர் பூசிய தரையிலும்தான்.

● பெட்ரோல் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம் அது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். நம் வீடுகளில் போர்வெல் மோட்டார் சுவிட்ச் பெரும்பாலும் கார் ஷெட் சுவரில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனால் எண்ணெயை மெல்லியதாக்கி இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிடும்.

● எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியதற்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனவர் ஓர் இந்தியர். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற அந்த வழக்கில் 1980-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. எண்ணெயைச் சிதைக்கும் இயற்கை நுண்ணுயிர்கள் கலந்த தரைக் கிளீனர்கள் இப்போது விற்பனைக்கு உள்ளன. அவை வேலை செய்ய ஈரம் வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும்.

● டயர் நிற்கும் இடத்தில் பழுப்புத் தடமா? அது அழுக்கு அல்ல. ரப்பரை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள்கள் சூடான டயரிலிருந்து பூச்சுக்குள் ஊடுருவியிருக்கின்றன. நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு வண்டியை நிறுத்தினால், தரமில்லாத பூச்சு டயரோடு ஒட்டிக்கொண்டு உரிந்தும் வரும். டயருக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் மேட்டைப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் ரப்பர்தான்.

● ஒரு தேக்கரண்டி எண்ணெய் எவ்வளவு தூரம் பரவும்? லண்டன் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஊற்றிப் பார்த்தார். அரை ஏக்கர், அதாவது 50 சென்ட் நீர்ப்பரப்பு அலையடங்கிக் கண்ணாடியானது என்று அவர் எழுதியது 1774-இல் அச்சில் வந்தது. நம் கார் ஷெட்டைக் கழுவிய தண்ணீர் தெரு மழைநீர் வடிகாலுக்குள் போனால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூரில் வீட்டுச் சுவர்களிலும் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியதை நாம் பார்த்தோம். அது ஆலைக் கழிவு, பெரிய அளவு. சிறிய அளவும் அதே வழியில்தான் போகிறது. எண்ணெய் குடித்த மரத்தூளையும் துணியையும் கவரில் கட்டித் தனியாக வையுங்கள். வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். இந்தியச் சட்டப்படி அது அபாயகரமான கழிவு.

● புது டீசல் வண்டிக்கு அடியில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிகமா? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பல டீசல் வண்டிகளில் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசல் அது. யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்தமான தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் கரைந்துபோகும்.

● கறையை எடுத்த இடத்தில் சீலர் தேய்ந்திருந்தால் திரும்பப் பூசத்தான் வேண்டும். அவசரப்பட்டு ஈரத் தரையில் பூசினால் பூச்சு வெளுத்து உரியும். அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். காய்ந்திருந்தால் கடைசியாக ஒரு முறை தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். சீலர் போன இடத்தில் தண்ணீர் உடனே உள்ளே போக வேண்டும். அங்கே முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது, பற்றை இன்னொரு முறை போட்டுவிட்டுப் பூசுங்கள்.