மில்லியாம்பியரும் நொடியும்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க நடுவண் அரசு 2015-இல் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழ, அத்திட்டம் நின்றது. அதன் வரைவில் இருந்த ஒரு கணக்கு மருத்துவமனையின் எக்ஸ்-ரே அறைக்கும் உரியது. 50,000 டன் இரும்புக் கருவி 10 ஆண்டுகள் இயங்கினால் அதை 500 கிலோடன்-ஆண்டு என்பர் இயற்பியலார். எத்தனை நியூட்ரினோ துகள்கள் சிக்கும் என்பதை இந்தப் பெருக்குத்தொகையே முடிவு செய்கிறது.

எக்ஸ்-ரே எனும் ஊடுகதிர்ப் படத்தில் இதற்கு இணையானது, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய மில்லியாம்பியர்-நொடி. ஊடுகதிர்க் குழாயின் எதிர்மின்வாயிலுள்ள இழை சூடேறி எதிர்மின்னிகளை உமிழும். உயர் மின்னழுத்தம் அவற்றை விரைவாக்கி நேர்மின்வாயின் டங்ஸ்டன் மீது மோதச் செய்யும். மோதும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கதிராகும், எஞ்சியது வெப்பம். ஒரு மில்லியாம்பியர் ஒரு நொடி பாய்ந்தால் 6,240 இலட்சம் கோடி எதிர்மின்னிகள் குழாயைக் கடக்கின்றன. மின்னோட்டத்தைக் கூட்டினால் கதிர் இன்னும் ஆழமாகப் பாயும் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. பாயும் வலிமையைத் தருவது மின்னழுத்தம். மின்னோட்டமும் நேரமும் தருவது கதிர்த்துகள்களின் எண்ணிக்கை.

எண்ணிக்கை ஏன் வேண்டும்? உணர்பரப்பின் ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால், தற்செயலால் 100 அளவுக்கு ஏறியும் இறங்கியும் விழும். அது நூற்றுக்கு ஒன்று. 2,500 மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 50. அது நூற்றுக்கு இரண்டு. அப்போது படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். நுரையீரலின் மெல்லிய நிழல் அதில் மறைந்துவிடும். அப்புள்ளிகளைப் பாதியாக்க வேண்டுமெனில் உடல் ஏற்கும் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். இந்த விலை கடுமையானது.

பெருக்குத்தொகை ஒன்றே எனில் 200 மில்லியாம்பியரை 0.02 நொடி செலுத்தினாலும், 20 மில்லியாம்பியரை 0.2 நொடி செலுத்தினாலும் 4 மில்லியாம்பியர்-நொடிதான். கதிரளவும் ஒன்றே. மலைக்குள் வைக்கும் இரும்புக்கு இந்த மாற்றம் பொருட்டன்று. பாதி இரும்பை இரு மடங்கு காலம் இயக்கலாம். மனித நெஞ்சு அப்படியன்று. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பின் காலம் 0.86 நொடி. 0.2 நொடி அதில் ஏறத்தாழ கால்பங்கு. அதற்குள் இதயத்தின் விளிம்பு நகர்ந்து, அருகிலுள்ள நுரையீரலும் மங்கிவிடும். ஆகவே நெஞ்சுப் படத்துக்கு 20 மில்லிநொடிக்குள் முடிப்பதே நன்று. "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று படம் எடுப்பவர் சொல்வதில் ஒரு நோக்கம், மூச்சின் அசைவாலும் படம் மங்காமல் காப்பது.

மின்னோட்டத்தை வேண்டுமளவு உயர்த்தவும் இயலாது. சிறு புள்ளியில் அத்தனை வெப்பமும் குவிந்தால் டங்ஸ்டனே உருகும். மோதும் பரப்பைப் பெரிதாக்கினால் நிழலின் ஓரம் மங்கும். சுழலும் நேர்மின்வாய் இவ்விடரைப் பெரிதும் தணித்தது. தொடக்கத்தில், 1895-இல், ஊடுகதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படமெடுக்க 15 நிமிடம் ஆயிற்று. 1913-இல் கூலிட்ஜ் அமைத்த சூடான இழைக் குழாயே மின்னோட்டத்தை மின்னழுத்தத்தினின்று பிரித்து ஆள வழி செய்தது.

கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவிகள் இன்று காசநோயைக் கண்டறிய ஊர்களுக்கே செல்கின்றன. சாலை எட்டாத ஏலத்தோட்டக் குடியிருப்புகளுக்கு இவை பெரும்பேறு. ஆனால் இவற்றின் மின்னோட்டம் சிறிது, நேரம் நீளும். அங்கு மூச்சை அடக்குவதன் பயன் இன்னும் கூடுதல்.

எண்ணிமக் கருவிகளில் வேறொரு இடர் உண்டு. பழைய படத்தகட்டில் மிகைக் கதிர் கருமையாய்க் காட்டிக்கொடுத்தது. எண்ணிமப் படத்திலோ மிகைக் கதிர் அழகாய்த் தெரிகிறது, தவறு வெளிப்படுவதில்லை. கருவி காட்டும் கதிரேற்புக் குறியெண்ணைப் பார்த்தே அதை அறிய முடியும். அதை ஒவ்வொரு படத்துக்கும் பார்ப்பது படம் எடுப்பவரின் கடமை.

ஒரு நெஞ்சுப் படத்தின் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவெர்ட், இயற்கையிலிருந்து மூன்று நாளில் நாம் ஏற்பதற்கு நிகர். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வீணாக மீண்டும் எடுப்பதையே தவிர்க்க வேண்டும். போடிமெட்டு ஏறிக் கேரளத்தின் இடுக்கித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் இரு மாநிலங்களிலும் மருத்துவரைப் பார்க்க நேரலாம். பழைய படத்தையும் அதன் அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்; கருவுற்றிருந்தால் படம் எடுக்குமுன்னரே சொல்லிவிடுங்கள்.