அவிபக்த குடும்பமும் பிழைத்திருப்போர் பாத்தியமும்

ஒரு குடும்பத்தில் தமையன், தம்பி இருவர். பெற்றோர் இல்லை. பிதிரார்ஜிதமான நஞ்சை நான்கு ஏக்கர், பாகம் செய்துகொள்ளவில்லை. தம்பி, மனைவியையும் ஒரு பெண்ணையும் விட்டுக் காலஞ்சென்றான். அவன் பாகம் யாரைச் சேரும்?

பழைய மிதாக்ஷர முறைப்படி நான்கு ஏக்கரும் தமையனையே சேரும். இறந்தவன் பாகம் வாரிசுகளுக்கு இறங்காமல், உயிரோடிருக்கும் பங்காளிகளிடமே தங்கிவிடும். இதுவே பிழைத்திருப்போர் பாத்தியம் எனப்படுவது. பாகமாகாத பங்கை உயிலெழுதி வைத்தாலும் செல்லாது. நிலம் துண்டுபடாமலிருந்தது மெய்யே. ஆயினும் விதவைக்கு ஜீவனாம்சம் தவிர வேறு கதியில்லை.

1937-ஆம் வருஷத்துச் சட்டம் கணவன் பாகத்தை விதவைக்கு அவள் ஆயுள் பரியந்தம் அளித்தது. விவசாய நிலத்திற்கு அது சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் விஸ்தரிக்கப்பட்டது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மனைவி, மகள், தாய் முதலியோர் இருப்பின் பாகம் வாரிசுகளையே சேர்ந்தது, உயிலும் செல்லுபடியாயிற்று. 2005 செப்டம்பர் 9 முதல் காலமாகும் இந்துவின் பாகத்திற்கு இப்பாத்தியம் அறவே இல்லை. மகளும் பிறப்பினாலேயே பங்காளியாவாள். ஆகவே, உயில் இல்லாதபோது, மேற்சொன்ன தம்பி இன்று இறப்பின் இரண்டு ஏக்கர் மனைவிக்கும் மகளுக்கும் உரியது.

பட்டா தமையன் பேரில் மட்டும் இருப்பதால் இவ்வுரிமை அழியாது. ஆயினும் வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவில் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வது நலம். விடுதலைப் பத்திரம் எதிலும் வாசித்தறியாமல் பெண்கள் கையொப்பமிடலாகாது. இட்டபின் வருந்திப் பயனில்லை.