பழைய டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் பண்ணலாமா? நிஜமான ஆபத்து எங்கே இருக்கு?

மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப். புதுசு வாங்க பட்ஜெட் இல்லை. இந்த நேரம் பார்த்து யாரோ சொல்கிறார்கள்: “பயாஸுக்குள்ள போய் ஒரு நம்பரை மாத்து, ஒத்த ரூபா செலவில்லாம வேகம் கூடிடும்.” உண்மையா? இல்லை, உள்ளதும் போய் பிராசஸர் புகைந்துவிடுமா?

வேகம் கூடுவது உண்மைதான். புகைவது ரொம்ப அரிது, ஏனென்றால் இன்றைய சிப்கள் மட்டுமல்ல, 2011-ல் வந்தவைகூட சூடு எல்லை மீறினால் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் புகையாமல், சத்தமே போடாமல் நடக்கும் வேறொரு நஷ்டம் இருக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்ட கோர் ஐ5-2500கே பிராசஸரை எடுத்துக்கொள்வோம். கேமிங் பிரியர்கள் வருடக்கணக்கில் விடாமல் வைத்திருந்த சிப் இது. பழைய பொருள் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. இதன் அடிப்படை வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ்.

இந்த 3.3 எங்கிருந்து வருகிறது? மதர்போர்டில் பேஸ் கிளாக் என்று ஒரு துடிப்பு இருக்கும், அது 100 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குள் மல்டிபிளையர் என்று ஓர் எண் இருக்கும், அது 33. இரண்டையும் பெருக்கினால் 3,300 மெகாஹெர்ட்ஸ். 33-ஐ 40 ஆக்கினால் 4 ஜிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

தயாரித்த நிறுவனமே ஏன் அந்த வேகத்தைத் தரவில்லை? ஒரே தொழிற்சாலையில் வந்தாலும் இரண்டு சிப் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. கொஞ்சம் சுமாரான சிப், மோசமான காற்றோட்டம் உள்ள பெட்டியில், சூடான அறையில், வருடக்கணக்கில் ஓடினாலும் தவறு செய்யக்கூடாது. அந்த உத்தரவாதத்துக்காக நிறுவனம் ஓரளவு இடைவெளி விட்டுத்தான் வேகத்தை நிர்ணயிக்கும். ஓவர்கிளாக் செய்பவர் கை வைப்பது அந்த இடைவெளியில். அதனால்தான் நண்பருடைய சிப் 4.5-ல் ஓடும், உங்களுடையது 4.2-லேயே மூச்சு வாங்கும். கடையில் கேட்டு வாங்க முடியாத விஷயம் இது.

(இது புதுக் கதையும் இல்லை. 1998-ல் வந்த செலரான் 300ஏ சிப்பை, அதன் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100 ஆக்கி, 300-லிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். விலை மலிவான சிப், விலை உயர்ந்த சிப்போடு மோதிய காலம் அது.)

எல்லா கம்ப்யூட்டரிலும் முடியுமா?

முடியாது. இன்டெல் சிப் என்றால் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐ5-2500 வேறு, ஐ5-2500கே வேறு. முதலாவதில் மல்டிபிளையர் கிட்டத்தட்ட பூட்டியே இருக்கும்.

சிப் மட்டும் போதாது, மதர்போர்டும் சம்மதிக்க வேண்டும். 2500கே-வுக்கு பி67, இசட்68, இசட்77 சிப்செட் உள்ள போர்டுகள் சரி. எச்61 போர்டில் அந்தச் சிப்பைப் போட்டால் கம்ப்யூட்டர் ஓடும், ஓவர்கிளாக் மட்டும் நடக்காது. ஏஎம்டி பக்கம் எஃப்எக்ஸ் வரிசைச் சிப்கள் எல்லாமே திறந்த மல்டிபிளையர் கொண்டவை. சிப், போர்டு இரண்டின் பெயரையும் சிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும்.

லேப்டாப்பில் இதை முயற்சிக்கவே வேண்டாம். அந்த மெல்லிய உடம்பில், இருக்கிற சூட்டை வெளியேற்றவே இடம் போதாது.

முதல்ல இது உங்களுக்குத் தேவையா?

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறதா, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? டிஸ்க் என்றால் பிரச்சினை பிராசஸர் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க். அங்கே ஓர் எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வித்தியாசத்தை எந்த ஓவர்கிளாக்கும் தராது. 4 ஜிபி ரேமோடு தவிக்கும் மெஷினுக்கும் இதே பதில்தான், முதலில் ரேம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேகத்தைக் கூட்டினால் விண்டோஸ் 11-க்குத் தகுதி வந்துவிடாது. இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியல் தொடங்குகிறது, 2500கே 2-ம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதேபோல ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியைக் கேட்கும் சில புதிய சாஃப்ட்வேர்கள், நீங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் இந்தச் சிப்பில் திறக்காது. வீடியோ எடிட்டிங், பழைய கேம், எமுலேட்டர் என்று சிபியுவையே நம்பி இருக்கும் வேலைகளுக்குத்தான் இதில் பலன்.

சூடு எவ்வளவு கூடும்? ஒரு சின்னக் கணக்கு

வேகத்தைக் கூட்டினால் சூடு அதே அளவில் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் அதன் இருமடியாகக் கூடும். எல்லா விபத்துக்கும் மூலம் இந்த இரண்டாவது வரிதான்.

3.3-லிருந்து 4.2-க்குப் போனால் வேகம் 1.27 மடங்கு. அதற்காக வோல்டேஜை 1.20-லிருந்து 1.30 ஆக்கினால், பார்க்க 0.1 வோல்ட்தான், ஆனால் சூட்டில் 1.17 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.5. அதாவது 95 வாட் கணக்கில் வடிவமைக்கப்பட்ட சிப், முழு வேலையில் 140 வாட் பக்கம் போகலாம். கூடவே வந்த சின்ன ஃபேன் அந்த 95-ஐ மனதில் வைத்துச் செய்தது. அதை வைத்துக்கொண்டு 4.2-க்கு ஆசைப்படுவது சரியல்ல, கொஞ்சம் பெரிய டவர் கூலர் வேண்டும்.

பயாஸைத் தொடுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரைத் தொடுங்கள். ஹீட்சிங்க் இடுக்குகளில் பஞ்சுபோல் அடைத்திருக்கும் தூசியை எடுங்கள். பத்து வருடத்துக்கு முன் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு ஓவர்கிளாக்கே வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டால்கூட லாபம்தான். சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த சிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பவர் சப்ளையையும் மறக்கக்கூடாது. அதற்கும் அதே வயசு. பெயர் தெரியாத மலிவான பவர் சப்ளை என்றால் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

சரி, எப்படிச் செய்வது?

முக்கியமான ஃபைல்களை வெளி டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். மெம்டெஸ்ட்86 மூலம் ரேமைச் சோதியுங்கள், ஏனென்றால் பழுதான ரேம் தரும் கோளாறும் ஓவர்கிளாக் கோளாறும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்கள் (சில போர்டுகளில் எஃப்2). இருக்கிற எல்லா அமைப்புகளையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழி அதுதான்.

பேஸ் கிளாக்கை 100-லேயே விட்டுவிடுங்கள். இந்தத் தலைமுறையில் யுஎஸ்பி, சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே துடிப்பில் ஓடுவதால், சில மெகாஹெர்ட்ஸ் கூடினாலே டிஸ்க் தகராறு செய்யத் தொடங்கும். மாற்ற வேண்டியது மல்டிபிளையர் மட்டும். முதலில் 38, பிறகு ஒவ்வொன்றாக 40 வரை. வோல்டேஜைத் தொடாமலேயே பெரும்பாலான 2500கே சிப்கள் இதுவரை வந்துவிடும். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் ஊட்டிவிடும், அதனால் உண்மையில் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

40-ஐத் தாண்ட ஆசையா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், இதுதான் விதி. மல்டிபிளையரை ஒரு படி ஏற்றுங்கள், சோதியுங்கள். தடுமாறினால் மட்டும் வோல்டேஜை 0.01 அல்லது 0.02 ஏற்றி, மறுபடி சோதியுங்கள். முதல்முறை செய்பவர் 1.30 வோல்ட்டில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. அதற்கு மேல் கிடைக்கும் 200, 300 மெகாஹெர்ட்ஸுக்காக சிப்பின் ஆயுளைக் கொடுக்க வேண்டாமே. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக இணைப்புகள் மெல்ல மெல்ல அரித்துப்போகும். நேற்று வரை நன்றாக ஓடிய வேகத்தில் ஒருநாள் ஓடாமல் போவது அதனால்தான்.

திடீரென்று திரையே வரவில்லையா? பதற வேண்டாம். பல போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு தாமாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் நாள் மாதிரி எழுந்திருக்கும்.

பாஸா, ஃபெயிலா? எப்படித் தெரியும்?

விண்டோஸ் திறந்துவிட்டது, பாட்டு ஓடுகிறது, கேம் ஓடுகிறது என்றால் பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிரைம்95 என்ற சாஃப்ட்வேரை ஓட்ட வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட புரோகிராம் இது. இதன் சோதனையில் விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் சிப்பிடம் கொடுப்பார்கள். விடை ஒரு இலக்கம் மாறினாலும் பிழை என்று நின்றுவிடும்.

ஒவ்வொரு படிக்கும் 15, 20 நிமிடம் போதும். கடைசியாகத் தேர்ந்தெடுத்த வேகத்தில் ஓர் இரவு முழுக்க ஓடட்டும். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோர் டெம்ப் மாதிரி ஏதாவது ஒன்றில் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 85-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஒரு படி இறங்குங்கள். 2500கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் எல்லை 98 டிகிரி. அது அவசரக் கதவு, தினமும் போய்வரும் வாசல் இல்லை.

சோதனையை எந்த மாதத்தில் செய்தீர்கள் என்பதும் முக்கியம். அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே 10 டிகிரி ஏறும். மார்கழியில் 76-ல் நின்ற சிப், கத்திரி வெயிலில் 86-ல் நிற்கும். குளிர்காலத்தில் பார்த்த வேகத்தை கோடைக்கு நம்பக்கூடாது.

அந்தச் சத்தமில்லாத நஷ்டம்

நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றால் அது நல்ல விஷயம் என்றே சொல்லலாம், தப்பு நடந்தது தெரிந்துவிட்டது. தெரியாமல் நடப்பதுதான் மோசம். எல்லைக்கு மிக அருகில் ஓடும் சிப், கோடிக்கணக்கான கணக்குகளில் ஒன்றைத் தவறாகப் போடும். கம்ப்யூட்டர் நிற்காது. ஆனால் அந்த நேரத்தில் சேமிக்கப்பட்ட கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் பாதியில் சாம்பல் நிறமாகும், ஒரு ஜிப் ஃபைல் திறக்காது. மூன்று மாதம் கழித்துத்தான் அது தெரியவரும். அதற்குள் பேக்கப்பிலும் அந்தக் கெட்ட ஃபைலே ஏறியிருக்கும்.

இதற்கு முன்கூட்டியே ஓர் அறிகுறி கிடைக்கலாம். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பிரிவில், ‘டபிள்யூஎச்இஏ லாகர்’ என்ற பெயரில் எச்சரிக்கைகள் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். சிப் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட குறிப்புகள் அவை. ஒன்று கண்ணில் பட்டாலும் மல்டிபிளையரை ஒரு படி இறக்க வேண்டியதுதான். எல்லாச் சோதனையிலும் பாஸான பிறகுகூட, கடைசியாக ஜெயித்த வேகத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்வது நல்லது. 4.3 பாஸ் என்றால் 4.2-ல் ஓட்டுங்கள். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

கடைக் கணக்கு, ஜிஎஸ்டி பில், பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் என்றால் அதில் இந்தப் பரிசோதனை வேண்டாம். செகண்ட் ஹேண்டாக வாங்கிய மெஷின் என்றால், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஓவர்கிளாக் செய்து அப்படியே விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பயாஸில் ‘டீஃபால்ட்’ கொடுத்துவிடுங்கள். உங்கள் மெஷினை நாளை விற்கும்போதும் அதே பட்டனைத் தட்டிவிட்டுக் கொடுங்கள்.