ஓரெழுத்துப் பூட்டு

அமெரிக்காவில் கம்பெனிகளின் ஆராய்ச்சிச் செலவைக் காட்டும் அரசு அட்டவணையைப் புரட்டினால், எண் இருக்க வேண்டிய கட்டத்தில் அடைப்புக்குறிக்குள் 'டி' என்று ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். 'ஆர் அண்ட் டி'யில் வரும் டி அல்ல. தொகை உண்டு, காட்ட மாட்டோம் என்று பொருள்.

அந்தக் கட்டத்துக்குள் இரண்டே கம்பெனி என்றால், தன் செலவைக் கழித்து அடுத்தவன் செலவை அறிந்துவிடலாம். அதனால் மறைக்கிறார்கள். ஆனால் மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தாலும் விடை வந்துவிடுமே! ஆகவே பக்கத்துக் கட்டத்தில் தேமே என்றிருந்த எண்ணுக்கும் ஒரு 'டி'.

இந்தச் செலவை அளக்க இரண்டு கணக்கெடுப்புகள். 1953இல் தொடங்கிய ஒன்று, உள்நாட்டில் நடக்கும் ஆராய்ச்சியை அடிப்படை, பயன்பாடு, மேம்பாடு என்று பிரித்துக் கேட்கும். மற்றது பன்னாட்டு முதலீட்டைத் துருவுவது. பத்து சதவீதப் பங்கு வெளிநாட்டார் ஒருவர் கையில் இருந்தாலே கம்பெனி அதன் வலைக்குள் வந்துவிடும். முதலாவதற்கு முதலாளி எந்த நாட்டவர் என்பது நெடுங்காலம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவதற்கு ஆராய்ச்சி எவ்வகை என்பது தெரியாது. 2002இல் வந்த சட்டம்தான் புள்ளிவிவர அலுவலகங்கள் கம்பெனித் தரவைத் தங்களுக்குள் பகிர வழிவிட்டது. வருமான வரித் தாக்கலிலிருந்து வந்த தகவலுக்கு மட்டும் பழைய தடை அப்படியே.

அப்படி இரண்டு கணக்கெடுப்புகளையும் இணைப்பது லேசல்ல. ஒன்பது இலக்க வரி எண்ணை வைத்துப் பொருத்துவார்கள். ஒரே குழுமத்துக்கு அந்த எண் பல இருக்கும். ஒரு பட்டியலில் தாய்க் கம்பெனியோடு சேர்ந்து நிற்பது இன்னொன்றில் தனிக்குடித்தனம் நடத்தும். கணக்காண்டும் ஒத்துப்போகாது. ஆனாலும் பலன் இருந்தது: ஒன்றில் விடுபட்ட கம்பெனிகள் மற்றதில் அகப்பட்டன.

என் கவலை வேறு. சுவிஸ் மருந்துக் கம்பெனிகள் அமெரிக்க மண்ணில் அடிப்படை ஆராய்ச்சி செய்கின்றனவா, கண்டுபிடித்ததை மெருகேற்றுகின்றனவா? இணைத்த தரவு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஆனால் நாடு, துறை, ஆராய்ச்சி வகை என்று கூறுபோடப் போட, ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனி குறையும், 'டி' பெருகும். இணைக்க இணைக்க இருட்டு!

ரகசியம் காக்காவிட்டால் கம்பெனிகள் படிவத்தை ஒழுங்காக நிரப்பாது என்பார்கள். இருக்கலாம்.

அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்குப் பூட்டிய அறைகள் உண்டு. ரகசியத்தை வெளியிட்டால் ஐந்தாண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். அங்கே போட்ட கணக்கை வெளியே எடுக்குமுன் ஒருவர் சோதிப்பார். கட்டத்தில் எத்தனை கம்பெனி என்று எண்ணத்தான்.