ஆடி மொய் விருந்தும் நம் கடைக் கணக்கும்

ஆடி பிறந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது பெரும்பாலான ஊர்களில் மளிகை வணிகர்களின் புலம்பல். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. பெரிய சாமான் சிட்டை எதுவும் கடைக்கு வராது. ஜவுளிக்கடைக்காரராவது தள்ளுபடி போட்டுச் சமாளிக்கிறார். பருப்புக்கும் புளிக்கும் தள்ளுபடி கேட்டு யார் வரிசையில் நிற்கப் போகிறார்கள்? ஆனால் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்திலும், அதையொட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளிலும் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆடிதான் விருந்து மாதம். நண்பரும் உறவினரும் நாள்தோறும் ஏதாவது ஒரு பந்தலில் கூடிக் கறிச்சோறு உண்டு, மொய் எழுதிவிட்டுத் திரும்புகிறார்கள். இதற்கு மொய் விருந்து என்று பெயர். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் கிடையாது. மொய் வாங்குவதற்கென்றே நடக்கும் விருந்து.

வெளியூர் வணிகர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே பேசுகிறார்கள். உண்மையில் இது ஒரு கடன் ஏற்பாடு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவர் விருந்து வைப்பார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மற்றவர்களுக்குச் செய்த மொய்யெல்லாம் அன்று திரும்பி வரும். திருப்பிச் செய்கிறவர் பழைய தொகையோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்து எழுதுவது வழக்கம். சேர்க்காமல் பழைய தொகையை மட்டும் எழுதினால், "கணக்கு முடிந்தது, இனி வேண்டாம்" என்று பொருள். எழுத்தும் கையெழுத்தும் வாங்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை நம்பியே இத்தனையும் நடக்கிறது. இப்போது பல பந்தல்களில் கணினி வைத்து ரசீது அடிக்கிறார்கள், எண்ணும் இயந்திரம் வைக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் மொய் நோட்டுக்குத்தான் மதிப்பு.

செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. சமையல், பந்தல், பத்திரிகைச் செலவு பொது. மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கொன்று. விருந்தாளி சாப்பிட்டு எழுந்து, தமக்கு வேண்டியவர் பெயர்ப்பலகை எந்த மேசையில் இருக்கிறது என்று தேடிப் போவார். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனிப்பந்தி. நாமும் ஒரே நாளில் மூன்று பந்தல் ஏறியவர்கள்தாம். மூன்று இடத்திலும் இலையில் உட்கார வயிறு இடம் தராது. ஓரிடத்தில் சாப்பிட்டு, மற்ற இரண்டிலும் எழுதிவிட்டு வருவதே அனுபவசாலிகள் வழக்கம். பல மாதமாகப் பார்க்காத நண்பர்களை அங்கேதான் பார்க்க முடிகிறது.

நம் வணிக நண்பர்கள் பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். விருந்து முடிந்து எண்ணிப் பார்த்தால் மேசையில் 5 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அத்தனையும் தம் பணம் என்று மனம் சொல்லும். பழைய நோட்டைப் பிரித்துப் பார்த்தால், கடந்த ஐந்து ஆண்டுகளில் தாம் ஊருக்குச் செய்தது 3 லட்சம். அது திரும்பி வந்த சொந்தப் பணம். மீதி 2 லட்சம்தான் புதிது. அது வருமானமன்று, கடன். எழுதியவர்கள் ஆண்டுக்கு ஒரு பகுதியினராக விருந்து வைப்பார்கள் என்று கொண்டால், அடுத்த ஐந்து ஆடிகளிலும் ஆடிக்கு 40,000 வீதம் திருப்ப வேண்டும். நம் பங்குக்குப் புதிதாகச் சேர்த்து எழுதுவது இதற்கு மேல்.

வட்டியில்லாக் கடன் என்கிறார்களே, அதுவும் முழு உண்மையில்லை. மேற்படி விருந்தில் கறி, பந்தல், பத்திரிகை என்று நம் பங்குக்கு 60,000 செலவாயிற்று என்று கொள்வோம். புதிதாகக் கைக்கு வந்த 2 லட்சத்துக்கு அதுதான் நாம் கொடுத்த வட்டி. ஆண்டுக்கு 40,000 வீதம் கடன் குறைந்துகொண்டே போவதால், முதலாண்டு 2 லட்சம், அடுத்து 1,60,000, பிறகு 1,20,000, 80,000, 40,000 என்றுதான் நம் கையில் நிற்கும். கூட்டிக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி ஆகிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று வாங்கும் கைமாற்றை விட இது எவ்வளவோ மேல். வெளியே நின்ற 3 லட்சத்தை வசூலித்துத் தந்ததும் அதே விருந்துதான். ஆனால் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. விருந்தை ஆடம்பரமாக்கிச் செலவை இரட்டிப்பாக்கினால் வட்டியும் இரட்டிப்பாகும்.

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் வந்த மொய் முழுவதையும் மிளகாய் வற்றலில் போட்டார். விலை ஏறும் என்று எதிர்பார்த்தார், இறங்கிற்று. அடுத்த ஆடியில் அழைப்பிதழ்கள் அடுக்கடுக்காக வந்தன. மனைவியின் வளையலை அடகு வைத்துப் பாதிப் பேருக்குச் செய்தார். மீதிப் பேர் விருந்துக்குப் போகவே இல்லை. யாரும் கடைக்கு வந்து வாய்விட்டுக் கேட்கவில்லை. மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு கடைக்கு மாறிவிட்டன, அவ்வளவுதான். சரக்கில் நட்டப்பட்டதை இரண்டு ஆண்டில் ஈடுகட்டினார். போன வாடிக்கை இன்றுவரை திரும்பவில்லை.

இவருடையதாவது சொந்தத் தவறு. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் இந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அந்த ஆடியில் மொய் வாங்கித் தோப்பில் போட்டவர்கள், அடுத்த ஆடியில் திருப்ப வழியின்றித் திண்டாடினார்கள். 2020 ஆடியில் கொரோனா ஊரடங்கால் கூட்டமே கூட்ட முடியவில்லை. தம் முறைக்காகக் காத்திருந்தவர்களின் பணம் வெளியிலேயே நின்றது. ஆகவே வாங்கிய மொய்யில் ஓர் ஆடிக்குத் திருப்ப வேண்டிய தொகையையாவது வங்கியில் தனியே போட்டு வைப்பது நல்லது. கல்லாவோடு கலந்துவிட்டால், எது முதல் எது மொய் என்று பிறகு பிரிக்க முடியாது.

வருமான வரி விஷயமும் உண்டு. திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கும், சட்டம் வரையறுத்த நெருங்கிய உறவினர் தருவதற்கும் வரி கிடையாது. மொய் விருந்து திருமணமாகாது. நண்பர்களும் வாடிக்கையாளர்களும் தரும் அன்பளிப்பு ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானமாகக் கொள்ளப்படும். "இது அன்பளிப்பு இல்லை, கடன்" என்று வாதிட நினைப்பவர்கள், ஒருவரிடமிருந்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கத் தடை உள்ளதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்காக ஒரே நபரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கும் 2017 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. எனவே விருந்துக்கு முன்பே தணிக்கையாளரைக் கலந்து, செய்த மொய், வந்த மொய் இரண்டுக்கும் பெயர் வாரியாக நோட்டு வைத்திருப்பது அவசியம்.

இனி, விருந்துக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் பக்கம். சமையல்காரர் தரும் சிட்டையில் அரிசி, எண்ணெய், மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா என்று எல்லாமே மொத்த அளவில் இருக்கும். கசகசா, ஏலக்காய் போன்ற விலை கூடிய சாமான்களை உடைக்காத பொட்டலமாகவே கொடுத்து, மீந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராது. மேசை விரிப்பு, குவளை கேட்பார்கள். பிளாஸ்டிக் விரிப்பு, பிளாஸ்டிக் குவளை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. அபராதம் நம் தலையில்தான் விழும்.

பலர் கூட்டாக வைக்கும் விருந்தென்றால், சிட்டை யார் பெயரில், பணம் தருபவர் யார் என்று சரக்கு ஏற்றும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பத்துப் பேர் பொறுப்பு என்றால் வசூலுக்குப் பத்து வாசல் ஏற வேண்டியிருக்கும். பாக்கியை விருந்தன்று மாலை மொய் எண்ணும்போதே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடலாம். அன்று கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் காலை அந்தப் பணம் நகைக்கடையிலோ டிராக்டர் தவணையிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.