பொம்மைக்காரத் தெருவின் கொல்லைப்புறம்

உள்ளே விட்டுவிட்டார்கள்! நவராத்திரி நெருங்கும்போது காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் ஒரு பட்டறைக்குள் வெளியாள் நுழைவதென்றால் லேசில்லை. கண்காட்சிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற நேரம், யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. "பாத்து வாம்மா, புள்ளையாரு காயறாரு!" என்று வாசலிலேயே ஒரு குரல். குனிந்தால் கால்மாட்டில் ஈரத் தும்பிக்கையோடு பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் என் பின்னாலேயே வாருங்கள்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகப் பஸ் பிடித்தால் காஞ்சி வந்துவிடும். இருந்தும் எங்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பதெல்லாம் முடிந்த பொம்மையைத்தான். சென்னை அண்ணா சாலையில் பூம்புகார் நடத்தும் கொலுக் கண்காட்சியிலோ மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலோ பட்டு உடுத்தி, நகை போட்டு, சிரித்துக்கொண்டு நிற்கிற அம்பாளைப் பேரம் பேசி வாங்கி வருவோம். இங்கே அம்பாளுக்கு இன்னும் நிறமே வரவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை அடித்து வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

முதல் அறை முழுக்க அச்சுகள். ஒவ்வொரு சாமிக்கும் முன் அச்சு ஒன்று, பின் அச்சு ஒன்று. லட்சுமியின் முகமும் செட்டியாரின் முதுகும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில்! புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் அவசரத்தில் சரஸ்வதியின் முன்பக்கத்தை வேறு யாருடைய முதுகோடோ ஒட்டிவிட்டானாம். "வீணை வாசிக்கிற பயில்வான்" என்று அவனை இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். அவனும் காது சிவக்கச் சிரித்துக்கொண்டே களிமண்ணை அச்சில் அழுத்துகிறான்.

மூலையில் பெரிய தொட்டி. அதில் பழைய செய்தித்தாள் ஊறுகிறது, காகிதக் கூழ் பொம்மைகளுக்கு. எட்டிப் பார்த்தேன். பாதி கரைந்த தலைப்புச் செய்தி, மீசை மட்டும் மிஞ்சிய ஒரு தலைவர் படம். "எல்லாக் கட்சியும் இதுலதான் ஊறுது. பத்து நாள்ல அத்தனை பேரும் பெருமாளாயிடுவாங்க" என்றார் கூழைப் பிசைந்துகொண்டிருந்த அக்கா. முழங்கை வரை சாம்பல் நிறம், நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொள்கிறார். மின்விசிறி போடக் கூடாது, ஈர வண்ணத்தில் தூசி ஒட்டிவிடும் என்று கட்டுப்பாடு. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வேலை நடக்கிறது.

திடீரென்று வானம் இருட்டியது. "மழைடோய்!" அவ்வளவுதான், தெருவே எழுந்து ஓடுகிறது. "கருடனை மொதல்ல தூக்கு, றெக்கை நனையக் கூடாது!" என்கிறார் வீட்டுப் பெரியம்மா. ஊர் வரதராஜப் பெருமாளின் கருட சேவை செட் அல்லவா, இங்கே அதற்குத்தான் முதல் மரியாதை. என் கையிலும் ஒரு பெருமாளைத் திணித்தார்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சட்டை முழுக்கச் சுண்ணாம்பு, மனசு முழுக்கக் கொண்டாட்டம்! நாலு தூறல் போட்டுவிட்டு வானம் வெளுத்தது. எல்லாச் சாமியும் மறுபடி வெயிலுக்கு.

அத்தி வரதர் தனி அலமாரியில் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அவர் 2019 ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் தந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். பட்டறையிலும் அதே கணக்கு: படுத்தவர் ஒருவர், நின்றவர் ஒருவர். வாங்குகிறவர்கள் இருவரையும் சேர்த்தே கேட்கிறார்களாம்.

இனிதான் நான் துள்ளிக் குதித்த இடம். உள் அறையில், மேசை மேல், எங்கள் மலை! அறுபடை வீடு செட்டில் ஐந்தாவது வீடு. காகிதக் கூழில் பச்சையும் காவியுமாகத் தணிகை மலை, அடிவாரத்தில் கட்டைவிரல் உயரத்துக்குப் புஷ்பக் காவடிக்காரர்கள். மலையில் 365 படி, ஆண்டின் நாளுக்கு ஒன்று. இந்தக் கைப்பிடி மலையில் அத்தனையும் எங்கே வெட்டுவது? "கண்ணுக்குத் தெரியறது முப்பது போதும், மிச்சத்தை முருகன் ஏறிக்குவாரு" என்று படி கீறிக்கொண்டிருந்தவர் சொல்ல, அறையே சிரித்தது. டிசம்பர் 31 அன்று படிக்கொரு பாட்டு பாடி ஏறுகிற ஊர்க்காரியான எனக்குக் கை பரபரத்தது. கருவியை வாங்கி ஒரு படி நானும் கீறினேன்.

திருச்செந்தூர் வீட்டில் சூரபத்மன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். தணிகையில் அவனுக்கு இடமே இல்லை, சினம் தணிந்த தலமாயிற்றே. சஷ்டியில் மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது எங்களுக்குப் புஷ்பாஞ்சலி. அதனால் இந்தச் சின்ன முருகன் காலடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குவியல். ஐராவதத்தையும் சரியாக முதுகு காட்டி வைத்திருக்கிறார்கள்! தெய்வானைக்குச் சீராக வந்த யானை தேவலோகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்ட கதை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காஞ்சிப் பட்டறை வரை அது வந்திருப்பதைப் பார்க்க எவ்வளவு பெருமை! பக்கத்துப் பலகையில் சங்கீத மும்மூர்த்திகள். தணிகையில் முதல் கிருதி பாடியதாகச் சொல்லப்படும் முத்துசுவாமி தீட்சிதருக்கு வீணை வந்துவிட்டது, தந்தி இன்னும் வரவில்லை.

கண் எழுதுவது கடைசி வேலை. அதற்கென்று ஒரு தாத்தா. நாலைந்து முடி மட்டும் உள்ள தூரிகை, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. "கண்ணு எழுதும்போது எங்கிட்ட யாரும் கடன் கேக்கக் கூடாது, கை ஆடிடும்" என்கிறார். இடது கண், வலது கண், கருமணி. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முருகன் சட்டென்று என்னைப் பார்த்தார். சிலிர்த்துவிட்டது!

வெளியே டெம்போ வந்துவிட்டது. வைக்கோல், பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, அதன் மேல் 'தலை இந்தப் பக்கம்' என்று கொட்டை எழுத்து. நவராத்திரி முடிந்தால் ஓய்வா என்று கேட்டேன். எங்கே! ஆந்திரப் பக்கம் பல வீடுகளில் சங்கராந்திக்குத்தான் கொலு. நகரி, புத்தூர் பக்கத்து ஆர்டர் இப்போதே நோட்டில் ஏறிவிட்டது. "உங்க ஊருக்குத் தணிகை செட் எத்தனை வேணும், இப்பவே சொல்லிடு, அப்புறம் கெடைக்காது" என்றார் பெரியம்மா. எங்கள் தெருவுக்கே சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் கீறிய படி உள்ள மலை மட்டும் எனக்கு!